சிவப்பைப் பார்க்காத ஃபிலிம்

போன வாரம் ஒரே ரோஜாவை இரண்டு ஃபிலிமில் எடுத்துப் பார்த்தேன். நல்ல அடர்சிவப்புப் பூ, பின்னால் இலைகள், மேகமூட்டமான வெளிச்சம். முதலில் ஹெச்பி5 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிம். அது பான்குரோமாட்டிக், அதாவது எல்லா நிறத்தையும் உணரும். அடுத்து இல்ஃபோர்ட் நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ், அதற்குச் சிவப்பு மட்டும் தெரியாது. ஹெச்பி5 பிரிண்டில் பூவும் இலையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பல், ஓரத்தின் வடிவத்தை வைத்துத்தான் எது இதழ் எது இலை என்று பிரிக்க முடிகிறது. ஆர்த்தோவில் பூ கரியாகக் கறுத்து, இலைகள் வெளுத்து, இதழ் மடிப்புகளில் மட்டும் மெல்லிய வெளிர்க் கோடுகள். அந்தக் கோடுகள் பூவின் நிறமே இல்லை, பளபளப்பான இடங்களில் பட்டுத் திரும்பிய வானத்து வெளிச்சம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதுதான் கருப்பு வெள்ளை என்றே நாமெல்லாம் பழகிவிட்டோம், ஆனால் எந்த நிறம் எந்தச் சாம்பலாக மாற வேண்டும் என்பது படம் எடுப்பதற்கு முன்பே, அந்த ஃபிலிமில் கலந்த சாயத்திலேயே முடிவாகிவிடுகிறது.

ஃபிலிமில் ஒளியை உணரும் வெள்ளி உப்புக்கு இயல்பாகத் தெரிவது நீலமும் ஊதாவும் புற ஊதாவும் மட்டும்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் வானம் மேகமே இல்லாமல் வெள்ளைத் தாளாக இருப்பது அதனால்தான். அதைச் சமாளிக்க, குஸ்தாவ் லெ கிரே என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் 1850களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒரே பிரிண்டில் சேர்த்தார். 1873-இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மன் வேதியியலாளர், எமல்ஷனில், அதாவது வெள்ளி உப்பு கலந்த பூச்சில், சாயம் சேர்த்தால் அது பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்ததுதான் ஆர்த்தோ. கிரேக்கத்தில் ‘சரியான’ என்று பொருள். சிவப்பே தெரியாத ஒன்றுக்கு இந்தப் பெயரா என்று தோன்றும், ஆனால் நீலத்தை மட்டுமே பார்த்த பழைய கண்ணாடித் தட்டுகளோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம். சிவப்பு வரை எல்லாவற்றையும் பார்க்கும் பான்குரோமாட்டிக் தட்டுகளை 1906-இல் ராட்டன் அண்ட் வெயின்ரைட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சினிமா மட்டும் 1920கள் வரை பெரும்பாலும் ஆர்த்தோவிலேயே ஓடியது. மௌனப் படங்களில் உதடுகள் கறுத்தும் நீலக் கண்கள் ஏதோ கண்ணாடி மாதிரி வெளிறியும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

முகம் எடுக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது. தோலில் இருக்கும் சிவப்பு எல்லாம் கறுப்பாகத்தான் வரும், அதனால் பருத் தழும்பு, புள்ளி, வெயில் பட்ட மூக்கு ஒன்றும் தப்பாது. வயதானவர்களின் முகத்துக்கு அது அவ்வளவு அழகு. ஒவ்வொரு சுருக்கமும் செதுக்கின மாதிரி நிற்கும். வழுவழுப்பான தோல் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் ஆர்த்தோவைக் கையில் எடுப்பதே இல்லை.

வெளிச்சத்தை அளப்பதிலும் கவனம் வேண்டும். ஆர்த்தோ பிளஸ் பகல் வெளிச்சத்தில் 80 ஐஎஸ்ஓ, டங்ஸ்டன் விளக்கில் 40. பல்பு வெளிச்சத்தில் பெரும்பங்கு சிவப்பு, மீட்டர் அதையும் சேர்த்து எண்ணிவிடும், ஃபிலிமோ எண்ணாது. அப்புறம் ஃபில்டர். பழக்க தோஷத்தில் ஒருமுறை சிவப்பு ஃபில்டரோடு 12 ஃபிரேம் எடுத்தேன். ரோல் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது, ஒரு நிழல்கூட இல்லை. சிவப்பு ஃபில்டர் விடுவது அந்த ஃபிலிமுக்குத் தெரியாத வெளிச்சத்தை மட்டும்தானே. மஞ்சள் ஃபில்டர் போடலாம், வானம் கொஞ்சம் கறுக்கும். இதே தோற்றம் பான்குரோமாட்டிக்கில் வேண்டும் என்றால் சயான் (நீலப்பச்சை) ஃபில்டர் போட்டுப் பாருங்கள், அது சிவப்பைத் தடுத்துவிடும். டிஜிட்டலில் சிவப்புச் சேனலை அணைத்துவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக் கருப்பு வெள்ளை ஆக்கினால் ஓரளவு பக்கத்தில் வரலாம்.

இதெல்லாம் சரி, நான் ஆர்த்தோவிடம் திரும்பத் திரும்பப் போவது டார்க் ரூமுக்காகத்தான். பான்குரோமாட்டிக்கைக் கும்மிருட்டில், கடிகாரத்தை நம்பித்தான் டெவலப் செய்ய வேண்டும். ஆர்த்தோ ஷீட்டை, அதாவது தனித் தாளாக வரும் ஃபிலிமை, அடர்சிவப்பு விளக்கின் கீழ் ட்ரேயில் போட்டு, கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம். முதலில் ஒன்றும் இருக்காது, வெறும் வெளிறின பரப்பு. ட்ரேயை ஆட்டிக்கொண்டே இருந்தால், நெகட்டிவ் என்பதால் வெளிச்சமான வானம் முதலில் கறுக்கும், பிறகு சட்டையின் வெள்ளை, அதற்கப்புறம் நெற்றி, கன்னம். நிழல் பக்கம் மெதுவாக எட்டிப் பார்க்கும்போது இன்னும் அரை நிமிடம் விடலாமா, இப்போதே எடுத்துவிடலாமா என்று விரல் நுனியில் ஷீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் விடுவேன்.