அப்ப வளரவெச்சது யாரு சிஸ்டர்?

“ஊசி முதுகை வளைக்காதுண்ணே. பிள்ளை வேகமா வளரும்போது உள்ளுக்குள்ள இருக்கிற வளைவு கூடும், அவ்வளவுதான்.”

வளர்ச்சி ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் அப்பாவிடம் இதுதான் நான் சொன்னது. சொல்லி ஒன்றரை வருஷம் ஆகப்போகிறது. இதில் பொய் எதுவும் இல்லை. ஊசிப்பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் தாளிலும் பொடி எழுத்தில் கிட்டத்தட்ட இதேதான் இருக்கிறது: வேகமாக வளரும் பிள்ளைகளுக்கு முதுகுத்தண்டு வளைவு அதிகமாகலாம், ஆனால் இந்த மருந்தால் வளைவு புதிதாக வருவதாகத் தெரியவரவில்லை, ஏற்கெனவே வளைவு உள்ளவர்களைக் கவனித்து வரவும். அன்று ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தடவை படித்தேன். நான் சொன்னது சரிதான் என்று தெரிந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை.

ஏனென்றால் அந்த அப்பா கேட்டது வேறு. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், “சரி. அப்ப வளரவெச்சது யாரு சிஸ்டர்?” என்றார்.

பக்கத்தில் ஒரு குழந்தை அழுதது. அதைப் பார்க்கப் போகிறவள் மாதிரி எழுந்து போய்விட்டேன்.

பிள்ளைக்கு முதலில் வந்தபோது பத்தரை வயசு, உயரம் 117 சென்டிமீட்டர். ஐந்தாம் வகுப்பில் இருந்தவளைப் பார்த்து இரண்டாம் வகுப்பா என்று நானே கேட்டிருக்கிறேன். வருஷத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான் வளர்ந்திருந்தாள், அந்த வயசில் ஐந்தாவது வளர வேண்டும். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பின் வயசு ஏழரை என்று வந்தது. தஞ்சாவூரில் மாத்திரை கொடுத்து அரை மணிக்கு ஒருதரம் ரத்தம் எடுக்கிற டெஸ்ட், அதிலும் வளர்ச்சி ஹார்மோன் குறைவு. அப்போது ஊசி மாதம் 12,000 ரூபாய்க்குக் கீழே வராது. ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வைத்திருப்பவர் குறுவையை நம்பி அதைப் போட முடியாது, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா அனுப்பினார். மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வந்து சேர்ந்த வாரத்தில் முதல் ஊசி. நான்தான் அந்த அம்மாவுக்குப் போடக் கற்றுக்கொடுத்தேன். தொடையில், மறுநாள் அடுத்த தொடையில், ராத்திரி படுக்கப்போகும் முன், ஏனென்றால் உடம்பும் ஆழ்ந்து தூங்கும்போதுதான் இதை அதிகமாகச் சுரக்கும்.

பேனா ஊசியை எப்படி வைத்துக்கொள்வது என்பதில் நான் ரொம்பக் கறார். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மன்னார்குடிப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தேன். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இன்சுலினைக் கையில் வைத்துக்கொண்டு திண்டாடியவர்களைப் பார்த்தேன். அதனால் ஃபிரிட்ஜில் நடுத்தட்டு, கதவில் வைக்கக்கூடாது, கரண்ட் போனால் ஃபிளாஸ்க், ஐஸ்கட்டி நேரே படக்கூடாது துணி சுற்றணும், உறைந்துவிட்டால் தூக்கிப்போடணும் என்று ஒவ்வொரு தடவையும் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பேன். மருந்தின் குளிரைப் பற்றி அத்தனை கேள்வி கேட்ட நான் முதுகைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

முதல் வருஷம் பத்து சென்டிமீட்டர். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணைச் சத்தமாகச் சொல்ல, அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடுவார். என்னைக் கும்பிடாதீங்க என்று வாயில்தான் சொல்வேன், உள்ளுக்குள் குளிர்ந்துதான் போகும்.

இரண்டாம் வருஷத் தீபாவளிக்கு மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, புதுப் பட்டுப்பாவாடையோடு வந்தாள். உயரம் அளக்கிற பலகையிலிருந்து இறங்கும்போது, “சிஸ்டர், இந்தப் பாவாடை ஒரு பக்கம் ஏறிக்கிட்டே இருக்கு” என்றாள். குனிந்து பார்த்தேன். நிஜமாகவே ஒரு பக்கக் கரை கணுக்காலைத் தொட்டது, இன்னொரு பக்கம் இரண்டு விரல் மேலே. “தீபாவளி நேரத்துல டெய்லர் நூறு துணி தைப்பாரு, கோணலாத்தான் வரும்” என்றேன். அவளும் சிரித்தாள், அம்மாவும் சிரித்தார். இப்போது அந்தச் சிரிப்பைத்தான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மூன்று பொம்பளைகள், மூவருக்கும் தையல் தெரியும், ஒருத்திக்குக்கூட டெய்லர் மேல் தவிர வேறெதன் மேலும் சந்தேகம் வரவில்லை.

தை மாதம் இன்னொன்று. உயரம் அளக்கும்போது குதிகால், பின்பக்கம், தோள்பட்டை எலும்பு, பின்மண்டை நான்கும் பலகையைத் தொட வேண்டும். அன்று அவளுடைய இடது தோள்பட்டை ஒட்டவில்லை. “நேரா நில்லு பாப்பா” என்று சொல்லி உள்ளங்கையால் அழுத்தி ஒட்டவைத்தேன். ஒட்டியது. எழுதினேன். அந்த அழுத்து இன்னும் கையில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இரண்டு வருஷமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் பிடித்து நிறுத்தியது அவள் முதுகைத்தான், ஆனால் அளக்கிற பலகையில் நிற்பவரின் முதுகை அளக்கிறவர் பார்க்கவே முடியாது.

கண்டுபிடித்தது அப்பாயி. பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது வலதுபக்கம் பொம்மென்று இருப்பதைக் கை சொல்லியிருக்கிறது. கண் சரியாகத் தெரியாத கிழவி. மறுநாளே அழைத்து வந்துவிட்டார்கள். டாக்டர் சட்டையைக் கழற்றி, கால் சேர்த்து, இரண்டு கையையும் கூப்பித் தொங்கவிட்டுக் குனியச் சொன்னார். இருபது வினாடிகூட ஆகாது. பின்னால் நின்று பார்த்தால் வலது விலாப்பக்கம் மேடாகத் தெரிந்தது, அகப்பையைக் கவிழ்த்த மாதிரி. நின்றபடி எடுத்த எக்ஸ்ரேயில் 22 டிகிரி. பத்துக்கு மேல் போனால்தான் வளைவு என்றே பெயர், 25 தாண்டினால் வளர்கிற பிள்ளைக்கு இடுப்பிலிருந்து மார்புவரை பெல்ட், 45, 50 என்று போனால் ஆபரேஷன். அவளுக்கு இடுப்பெலும்பு முற்றவே ஆரம்பிக்கவில்லை, அப்படியென்றால் வளர இன்னும் நிறைய இருக்கிறது, வளையவும்.

அப்போதுதான் அந்தப் பேச்சு நடந்தது. டாக்டர் போனில் இருந்தார். அப்பா என்னிடம், “ஊசியால வந்துச்சா?” என்று கேட்டார். நான் அந்த இரண்டு வாக்கியத்தைச் சொன்னேன். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் எழுந்து போய்த் திரும்பி வந்தபோது விடாமல் தொடர்ந்தார். “யூரியாவ அள்ளிப் போட்டா பயிர் கிடுகிடுன்னு வரும். அப்புறம் ஒரு காத்து அடிச்சா சாஞ்சுரும். பயிரு வளந்துச்சு, அதான் சாஞ்சுதுன்னு யூரியாக் கடைக்காரன் சொல்லலாம்ல?”

இதற்கு நான் மனசுக்குள் பதில் தயாரித்துக்கொண்டே இருக்கிறேன். பஸ்ஸில், சமைக்கும்போது, கோவிலில்கூட. ஒரு பதில்: யூரியா அளவு மீறினால்தான் சாயும், பிள்ளைக்கு எடைக்குக் கணக்குப் பண்ணித்தான் போட்டோம், இல்லாததை நிரப்பினோம், கூட்டவில்லை. இன்னொரு பதில்: அதே யூரியாவுக்குப் பொன்னி சாயும், குட்டை ரகம் நிற்கும், எல்லாப் பிள்ளைக்கும் முதுகு வளைவதில்லை. மூன்றாவது: ஊசியே போடாத வளரிளம் பிள்ளைகளிலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்த வளைவு உண்டு, பெண்பிள்ளைகளுக்குத்தான் அது அதிகம் கூடும், காரணம் இன்றுவரை யாருக்கும் தெரியாது. எல்லாமே சரியான பதில்கள். ஆனால் மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் யூரியாக் கடைக்காரர் பேசுகிற மாதிரியேதான் இருக்கிறது.

அவருக்குச் சந்தேகப்பட உரிமையும் உண்டு. இதே ஹார்மோனை ஒரு காலத்தில் இறந்தவர்களின் மூளையடிச் சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதனால் சில பிள்ளைகளுக்குப் பல வருஷம் கழித்து மூளையைத் தின்னும் நோய் வந்தது தெரிந்து 1985இல் அமெரிக்காவில் நிறுத்தினார்கள், அதே வருஷம் பாக்டீரியாவை வைத்துத் தயாரித்தது வந்தது. இப்போது நாம் போடுவது அந்த வகை, அந்தப் பயம் இல்லை. ஆனாலும் அன்றைக்கும் யாரோ ஒரு நர்ஸ் யாரோ ஒரு அப்பாவிடம் “ஒண்ணும் ஆகாது” என்று சொல்லியிருப்பார்தானே.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஊசியை நிறுத்த வேண்டிய கட்டாயம் இல்லை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே, திருச்சியில் முதுகெலும்பு டாக்டரையும் பார்ப்போம் என்றார். தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஊசியை அவர்களாகவே நிறுத்திவிட்டார்கள்.

குறுவை அறுப்பு முடிந்து புரட்டாசியில் வந்தபோது 27 டிகிரி. அதற்குள் அவளுக்குப் பருவ மாற்றம் தொடங்கியிருந்தது, ஊசி இல்லாமலே உயரமும் கூடியிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த உடனே எனக்குள் என்ன தோன்றியது என்பதை எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். ஒரு சின்ன சந்தோஷம். பாத்தீங்களா, ஊசி இல்லாமலே கூடியிருக்கு, நான் சொன்னது சரிதானே என்று. ஒரு பிள்ளையின் முதுகு இன்னும் ஐந்து டிகிரி வளைந்ததில் எனக்கு நிம்மதி. அது ஒரு வினாடிதான் இருந்தது, ஆனால் இருந்தது. அப்புறம் யோசித்தால் அந்த ஐந்து டிகிரியும் எதற்கும் சாட்சி இல்லை. எக்ஸ்ரேயில் கோடு போட்டு அளக்கிறவர் மாறினாலே நான்கைந்து டிகிரி முன்னே பின்னே வரும். அப்படியே நிஜமாகக் கூடியிருந்தாலும் பருவத்தால் வந்ததா, அதற்கு முந்தின இரண்டு வருஷ வளர்ச்சி ஓட்டத்தால் வந்ததா, எப்படியும் வரவேண்டியதா, யார் பிரித்துச் சொல்வது? நெல்லிலிருந்து பதரைப் பிரிக்கிற மாதிரி முறத்தில் போட்டுப் புடைக்க முடியாது.

பெல்ட் திருச்சியில் அளவெடுத்துச் செய்தது. ஒரு நாளைக்கு 18 மணிநேரம் போடச் சொன்னார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் பெல்ட் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளைவு ஆபரேஷன் அளவுக்குப் போகவில்லை, சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களில் அது 48 சதவீதம். எவ்வளவு நேரம் போட்டார்களோ அவ்வளவு பலன். அந்தப் பிள்ளைகள் சித்திரை வெயிலில் கும்பகோணத்தில் இருந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே பருத்தி பனியன், அது நனைந்து, காய்ந்து, இடுப்பில் சிவந்து தடித்திருக்கும். அவள் அழுது நான் பார்த்ததில்லை. கார்த்திகையில் ஊசியையும் மறுபடி ஆரம்பித்தார்கள், அம்மாவின் பிடிவாதம். அப்பா கூட வருவதில்லை இப்போது. வந்தாலும் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்.

அதன்பிறகு நான் யாரையும் விடுவதில்லை. உயரம் எழுதுவதற்கு முன் சட்டையை ஏற்று, குனி. ஊசி போடுகிற பிள்ளை, போடாத பிள்ளை, காய்ச்சலுக்கு வந்த பிள்ளை, எல்லாரும் குனியணும். டாக்டர்கூட ஒருநாள் “என்ன சிஸ்டர், தோப்புக்கரணமா?” என்று கேலி செய்தார். நான் சிரிக்கவில்லை. புதிதாக ஊசி ஆரம்பிக்க வருகிறவர்களிடம் முதுகு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுவேன். ஒளிக்காமல் சொல்லிவிட்டால் பின்னால் யாரும் என்னைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்க முடியாதல்லவா. எழுதும்போதுதான் கவனிக்கிறேன், இது யாருக்காகச் செய்கிற ஏற்பாடு?

பாபநாசம் பக்கத்திலிருந்து ஒரு பையன். எட்டு வயசில் வந்தான், அதே டெஸ்ட், அதே குறைவு. டாக்டர் ஊசியைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் நான் அந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதுகு வளைவு வரலாம், வராமலும் இருக்கலாம், பார்த்துக்கொண்டே இருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிடலாம் என்று. நான் சொன்னது மூன்று பகுதி, அவர் காதில் விழுந்தது ஒன்று. “கோணலா நிக்கிறதுக்குக் குட்டையா இருந்துட்டுப் போகட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டாக்டர் இரண்டு தடவை பேசிப் பார்த்தார். நானும் போன் பண்ணினேன், எடுக்கவில்லை.

போன வாரம் சளி என்று அழைத்து வந்தார். இப்போது ஒன்பது வயசு. பலகையில் நிறுத்தினேன், குதிகால், தோள்பட்டை, பின்மண்டை எல்லாம் கச்சிதமாக ஒட்டின. 114. போன வருஷ ஏட்டில் 111. எழுதிவிட்டுப் பழக்கத்தில் சட்டையை ஏற்றிக் குனியச் சொன்னேன். ஒரு பக்கம்கூட ஏறவில்லை, நடவுக்குச் சமன் பண்ணின வயல் மாதிரி முதுகு. நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

“நேராத்தானே சிஸ்டர் இருக்கு?”

“நேராத்தான் இருக்கும்மா” என்றேன்.