மொட்டை மாடி ரேடாரும் எதிர் மாடிப் புறாக்களும்

ஜனவரி 18, ஞாயிறு, ராயபுரம்

24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் போர்டைக் கைப்பிடிச் சுவரில் கட்டி, கடல் பக்கம் திருப்பியாயிற்று. அலைவரிசை 250 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஓடுகிறது. 60 செ.மீ. தள்ளி இருந்தாலே இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்டும்.

திரையில் முதலில் வந்தது சின்டெக்ஸ் டேங்க், செல்போன் டவர், கொடியில் தொங்கும் லுங்கி. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறும், அதுதான் டாப்ளர். நிற்பதற்கு டாப்ளர் பூஜ்யம் என்பதால் திரையில் அந்தப் பூஜ்யக் கோட்டை வடிகட்டினேன். டேங்கும் டவரும் ஒழிந்தன. லுங்கி ஒழியவில்லை! காற்றில் ஆடுவதெல்லாம் பூஜ்யத்துக்கு இரு பக்கமும் கசியும். முருங்கை மரம் இதில் படு மோசம். வடிகட்டியை அகலப்படுத்திய பிறகே இரண்டும் அடங்கின.

ஜனவரி 20, செவ்வாய்

எதிர் மாடியில் புறா வளர்க்கும் அண்ணன் கேட்டார்: "இன்னா தம்பி, அந்தாண்ட போற லாரி தெரியுது, நம்ம பொறா தெரியலன்றியே?"

ஞாயமான கேள்வி. பாடநூல் கணக்கில் ரேடார் கண்ணுக்கு ஒரு கார் சுமார் 100 சதுர மீட்டர், சின்னப் பறவை 0.01. பத்தாயிரம் மடங்கு வித்தியாசம். எதிரொலியோ தூரத்தின் நான்காம் அடுக்கில் தேயும். ஆக 30 மீட்டரில் பறக்கும் பறவையும் 300 மீட்டரில் ஓடும் காரும் ஒரே பலத்தில் வந்து நிற்கும். கண்டெய்னர் டிரெய்லர் என்றால் கேட்கவே வேண்டாம்.

காப்பாற்றுவது வேகம்தான். இந்த அலைவரிசையில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்துக்கு 160 ஹெர்ட்ஸ் டாப்ளர். ஊர்கிற டிரெய்லர் 300 ஹெர்ட்ஸ் பக்கம் கிடக்கும். 15 மீட்டர் வேகத்தில் வரும் புறா 2,400இல் தனியாக நிற்கும்.

ஜனவரி 24, சனி

ஒற்றைப் புறா கிடைத்தது. ஜமாவாக விட்டார், அத்தனையும் காணோம்!

ஊருக்குள் இரைச்சல் இடத்துக்கு இடம் மாறும். அதனால் திரையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அக்கம்பக்கக் கட்டங்களின் சராசரியை எடுத்து, அதைவிடக் குறிப்பிட்ட மடங்கு உயர்ந்தால்தான் இலக்கு என்று வைப்பார்கள். சி.எஃப்.ஏ.ஆர். என்று பெயர்; பொய் எச்சரிக்கை விகிதத்தை மாறாமல் வைப்பது என்று பொருள். கூட்டமாகப் பறந்தால் பக்கத்துப் புறாவே சராசரியை ஏற்றிவிட்டு இந்தப் புறாவை மறைக்கும். ரேடார் ஆய்வாளர் ஹெர்மான் ரோலிங் 1983இல் சொன்ன வழி எளிமையானது. சராசரியை விட்டுவிட்டு, மதிப்புகளைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, முக்கால்வாசி இடத்தில் நிற்பதை எடு. உச்சியில் நாலைந்து புறா என்ன பிரகாசமாக இருந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. லேப்டாப் விசிறி அலறுகிறது, அலறட்டும். ஜமா புள்ளி புள்ளியாக வந்துவிட்டது.

ஜனவரி 25, ஞாயிறு

வட்டமடிக்கும் புறா சுற்றுக்கு இரண்டு முறை திரையில் இல்லாமல் போகிறது. ரேடாருக்குக் குறுக்கே பறக்கும் கணத்தில் அது நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. டாப்ளர் பூஜ்யம். டேங்கை விரட்டிய அதே வடிகட்டி புறாவையும் விரட்டுகிறது. "காணாம பூட்ச்சின்னா வல்லூறு அட்ச்சிட்டுதுன்னு அர்த்தம் தம்பி" என்று அண்ணன் பதறினார்.

வடிகட்டியைக் குறுக்கினால் லுங்கியும் முருங்கையும் திரும்பி வரும். அதைவிட, இன்னொரு போர்டை வேறு கோணத்தில் வைப்பதே மேல். ஒன்றுக்குக் குறுக்காகப் பறப்பது மற்றதை நோக்கி வரும். கூண்டுக்கு மேலே இடம் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றையொன்று குழப்பாமல் மாறி மாறி அனுப்ப வைக்க வேண்டும். இந்த வாரம் அந்த வேலைதான்.