பதின்மூன்று பேர் எந்தக் கட்டத்திலும் இல்லை

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரி) புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். பகுதிநேர வேலைதான். காலையில் ஒரு கல்லூரி, சாயங்காலம் 40 மைல் தள்ளி இன்னொன்று. எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே 'ஃப்ரீவே ஃப்ளையர்' என்றே பட்டப்பெயர் உண்டு. செமஸ்டர் முடிந்து கிரேடு போட்ட கையோடு டீன் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்துவிடும்: எஸ்எல்ஓ எண்களை வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிவிடவும்.

இந்தப் பாடத்தை முடித்த மாணவருக்கு என்ன செய்ய வர வேண்டும் என்று எழுதிவைத்த வாக்கியம்தான் எஸ்எல்ஓ (Student Learning Outcome). இந்தப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏசிசிஜேசி, 2002-இல் இதைத் தன் விதிகளில் சேர்த்தது. அங்கீகாரம் போனால் மாணவர்களுக்கு மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜின் அங்கீகாரத்தை ரத்து செய்யப்போவதாக 2013-இல் அறிவிப்பு வந்ததையும், அது 2017 வரை இழுத்ததையும் பார்த்தவர்கள் யாரும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்த வாக்கியத்தில் 'புரிந்துகொள்வார்' என்று எழுதக் கூடாது. புரிந்ததை எப்படி அளப்பது? கல்வியியலாளர் ப்ளூமும் அவர் குழுவினரும் 1956-இல் வகுத்த கற்றல் படிநிலைகளை வைத்துக்கொண்டு கணக்கிடுவார், ஒப்பிடுவார், விளக்குவார் என்று கண்ணுக்குத் தெரிகிற வினைச்சொல்லாகத் தேட வேண்டும். நான் போன முதல் கூட்டத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரிப்பாக இருந்தது.

ஆனால் அந்த வினைச்சொல்தான் என்னை மாட்டிவிட்டது. 'நம்பிக்கை இடைவெளியைச் சூழலோடு பொருத்தி விளக்குவார்' என்பது எங்கள் இரண்டாவது எஸ்எல்ஓ. கொஞ்சம் பேரிடம் எடுத்த சர்வேயை வைத்து, மொத்தப் பேரின் சராசரி எந்த இரு எண்களுக்கு நடுவே இருக்கக்கூடும் என்று போடும் கணிப்புதான் நம்பிக்கை இடைவெளி (confidence interval). அதற்காக ஃபைனலில் ஒரு கேள்வி வைத்தேன். மாணவர்களின் தூக்க நேரம் பற்றிய சர்வே; 95% இடைவெளி 6.2 முதல் 7.0 மணி நேரம் வரை. டிஐ-84 கால்குலேட்டரில் எண்ணை எல்லோரும் சரியாக எடுத்துவிட்டார்கள். விளக்கத்தில்தான் வழுக்கல். அந்த இடைவெளி மொத்த மாணவர்களின் சராசரியைப் பற்றியது. பாதிப் பேர் '95% மாணவர்கள் 6.2-லிருந்து 7 மணி நேரம் தூங்குகிறார்கள்' என்று எழுதியிருந்தார்கள். கிடங்கில் இரவு ஷிஃப்ட் பார்க்கும் ஒரு பையன் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்திருந்தான்: "நான் நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன், அதனால் நான் மீதி 5%-இல் ஒருவன்."

ரூப்ரிக்படி (மதிப்பெண் போடும் அளவுகோல்) அதற்கு நாலுக்கு ஒன்று. போட்டேன். பேனாவை மூடிவைத்துவிட்டு அந்த வரியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விடை தப்பு. ஆனால் எண்ணைத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்தவன் அந்த வகுப்பிலேயே அவன் ஒருவன்தான். தப்பு என் பக்கமும் இருந்தது. சூத்திரத்துக்கு மூன்று வகுப்பு செலவழித்தேன், விளக்கத்துக்குப் பத்து நிமிடம். அடுத்த செமஸ்டரில் ஆளுக்கொரு சீட்டில் தூக்க நேரத்தை எழுதச் சொல்லி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, பத்துப் பத்தாக எடுத்துச் சராசரி போடவைத்தேன். ஒவ்வொரு தடவையும் சராசரி கொஞ்சம் நகர்வதைப் பார்த்த பிறகு அந்தக் குழப்பம் கணிசமாகக் குறைந்தது. எஸ்எல்ஓ-வால் எனக்குக் கிடைத்த உருப்படியான லாபம் அது. அதை மறைக்க மாட்டேன்.

அந்த அடுத்த செமஸ்டர் முடிவில் எண்களை ஏற்ற உட்கார்ந்தேன். ஃபைனல் எழுதியவர்கள் 27 பேர், இந்த எஸ்எல்ஓ-வில் தேறியவர்கள் 20. 74% ஆகிறது. இலக்கு 70% என்பதால் திரையில் பச்சை நிறத்தில் 'இலக்கு எட்டப்பட்டது' என்று வந்தது.

முதல் நாள் அந்த வகுப்பில் 40 பேர் இருந்தார்கள். நடுவில் போன 13 பேர் வகுக்கும் எண்ணிலேயே கிடையாது. பின்தங்குகிறவர்கள் விலக விலகச் சதவீதம் ஏறும். புள்ளியியல் வாத்தியார் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? ஏபி 705 என்ற மாநிலச் சட்டத்தால் 2019 இலையுதிர்கால செமஸ்டரிலிருந்து, முன்பு அடிப்படைக் கணக்கு வகுப்புக்குப் போயிருக்கக்கூடியவர்களும் நேராக எங்களிடமே வருகிறார்கள். அது நல்ல சட்டம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர்களில் யார் எந்த வாரம் காணாமல் போனார்கள் என்பதற்கு இந்தப் படிவத்தில் இடமில்லை.

துறைக் கூட்டத்தில் கேட்டேன். "அது ரிடென்ஷன் (எத்தனை பேர் கடைசிவரை தங்கினார்கள் என்ற கணக்கு), அதற்கு வேறு அறிக்கை, வேறு கமிட்டி" என்றார்கள். சரி என்று வந்துவிட்டேன்.

படிவத்தின் அடியில் 'குறிப்புகள்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. இப்போதெல்லாம் போனவர்களைப் பற்றி, எனக்குத் தெரிந்த வரைக்கும், அதில் எழுதிவைக்கிறேன். 500 எழுத்துக்கு மேல் ஏறாது. பதின்மூன்று பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 38 எழுத்து வரும். 'ஷிஃப்ட் மாறிவிட்டது' என்று எழுத அது போதும்.