டச்சிங் மேசை

1994இல் தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோவில் டார்க் ரூம் பையனாகச் சேர்ந்தேன். படம் அழியாமல் நிலைக்க வைக்கிற ஹைப்போ உப்பைக் கரைப்பது, பிரிண்டுகளைக் கழுவிக் கிளிப்பில் தொங்கவிடுவது, நாலு மணிக்கு டீ வாங்கி வருவது, இவைதான் வேலை. சம்பளத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

ஸ்டூடியோவின் பின்கட்டில் ஜன்னலோரம் சாய்வாக ஒரு மேசை இருக்கும். பலகையின் நடுவே சதுரமாக வெட்டி, அதில் பால் கண்ணாடி பதித்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிட அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குப் பெயர் டச்சிங் மேசை, நெகட்டிவில் முகத்தைத் திருத்துகிற இடம். அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முதலாளி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் ‘ஆர்ட்டிஸ்ட்’தான். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பென்சிலை ஊசி மாதிரி ஒரு அங்குல நீளத்துக்குச் சீவி வைத்துக்கொள்வார். நெகட்டிவில் பென்சில் பிடிப்பதற்காக மீடியம் என்ற பூச்சைத் தடவி, அது காய்ந்ததும் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்திலும் அம்மைத் தழும்பிலும் பென்சிலைப் பட்டும் படாமலும் ஓட்டுவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும், பிளேடால் சுரண்டிய இடம் கறுக்கும். “வெள்ளை வேணும்னா தீட்டு, கறுப்பு வேணும்னா சுரண்டு. அவ்வளவுதான்டா தொழிலு. மூக்குல மட்டும் கை வச்சிடாத. மூக்கு போனா ஆளே போயிடுவான்” என்பார். பல வருஷம் கழித்து போட்டோஷாப்பில் உட்கார்ந்தபோதும் நான் கடைப்பிடித்த ஒரே விதி அந்த மூக்கு விதிதான்.

சேர்ந்து இரண்டாவது பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் இருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளை இறக்கினோம். உள்ளே காகித உறைகளில் கண்ணாடி நெகட்டிவ்கள், பெரும்பாலும் ஆஃப் பிளேட் அளவு. படம் பிடித்தவரும் போய், பிடித்துக்கொண்டவர்களும் போய்ச் சேர்ந்தபிறகு அவற்றை யார் தேடப் போகிறார்கள்? சலவை சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்து என்னைக் கழுவச் சொன்னார்கள். படம் பதிந்திருந்த ஜெலட்டின் படலம் பதமாகி, பாலாடை மாதிரி உரிந்து வந்தது. ஒரு குடும்பம் முழுசாக, பட்டுப் பாவாடைச் சிறுமியோடு, வாளியில் சுருண்டு விழுந்ததைப் பார்த்தேன். மீந்த கண்ணாடி துல்லியமாக இருந்தது. சின்னச் சின்னச் சாமி படங்களுக்குச் சட்டம் போட அதைத்தான் வைத்தோம். அந்தக் காலத்தில் பல ஊர்களில் இது வழக்கம். பிலிம் நெகட்டிவ் என்றால் வெள்ளி எடுப்பவர்களுக்கு எடைக்குப் போகும். எனக்கு அன்று வருத்தமே வரவில்லை, கை எரிந்ததுதான் ஞாபகம். வருத்தம் வரப் பத்து வருஷம் ஆனது.

கம்ப்யூட்டர் வந்ததும் ஆர்ட்டிஸ்ட் வீட்டுக்குப் போனார், மேசை மொட்டை மாடிக்குப் போனது. நான் ஸ்கேனர் முன்னால் வந்து உட்கார்ந்தேன். மஞ்சப்பைக்குள் செய்தித்தாள் சுற்றிய படங்கள் வரும். பூச்சி அரித்தது, சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போனது, ஓரத்தில் வெள்ளி மேலேறி மயில்கழுத்து நிறத்தில் மினுங்குவது. கொண்டுவருபவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “புதுசு மாதிரி ஆக்கிடுங்க.” சரி என்று ஆக்கிக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு மடத்தனம் என்று ஒரு கூறைப் புடவைதான் காட்டியது.

ஐம்பதுகளில் எடுத்த ஒரு கல்யாணப் படத்தைக் கலராக்கித் தரச் சொல்லியிருந்தார்கள். மணப்பெண்ணின் புடவை படத்தில் கறுப்பாக இருந்தது. ‘கருநீலமாக இருக்கும்’ என்று நானே முடிவு செய்து, சரிகையை மட்டும் பொன்னிறமாக்கி அனுப்பினேன். மறுநாள் அந்த வீட்டு அம்மா படத்தோடு வந்துவிட்டார். “ஏன் தம்பி, முகூர்த்தத்துக்கு எவளாவது கறுப்பு கட்டுவாளா? அது அரக்கு!”

விஷயம் என்னவென்றால், பழைய பிளேட்டுகளுக்கும் பல பிலிம்களுக்கும் சிவப்பு தெரியாது. நீலத்துக்கு மட்டும் ரொம்பவே கூர்மை. அதனால்தான் டார்க் ரூமில் சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு அவற்றை டெவலப் செய்ய முடிந்தது. சிவப்புக் குங்குமம் படத்தில் சாந்துப்பொட்டு மாதிரி கறுத்துவிடும், வெளிர்நீலச் சட்டை வெள்ளையாகிவிடும். தினமும் சிவப்பு பல்பின் கீழ் நின்று வேலை பார்த்த எனக்கு இது உறைக்கவில்லை பாருங்கள். வானமும் இதே கதைதான். 1858இல் லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்கார கேப்டன், மதராஸ் அரசாங்கத்தின் போட்டோகிராபராக எங்கள் பெரிய கோயிலைப் படம் பிடித்தார். அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 துண்டுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கிய மனிதர் அவர். அவருடைய நெகட்டிவ்களில் வானம் வெறும் வெளுப்பாக வந்துவிடும் என்பதால், பல படங்களில் மேகத்தை நெகட்டிவிலேயே தூரிகையால் தீட்டியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டதும் எனக்கு ஆர்ட்டிஸ்ட் ஞாபகம்தான் வந்தது. தஞ்சாவூரில் டச்சிங்குக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது என்று அவரிடம் சொல்லியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதற்கப்புறம் படத்தை முதலில் படிக்கவும் வந்தவர்களிடம் கேள்வி கேட்கவும் ஆரம்பித்தேன். வளைகாப்புப் படங்களில் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நிலைக்கண்ணாடி இருக்குமே, பூத்தைத்த சடை முழுசாகத் தெரிவதற்காக வைப்பது. அந்தக் கண்ணாடியில் சடைக்குப் பக்கத்தில் மங்கலாகச் சில உருவங்கள் தெரியும். முன்பெல்லாம் அவற்றைக் கறையோடு கறையாக அழித்துவிடுவேன். ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தபோது, கேமராவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெண்ணைச் சிரிக்கச் சொல்லிக் கையை ஆட்டுகிற ஒரு அம்மாள் தெரிந்தார். அந்த வீட்டில் அவருக்கு வேறு படமே கிடையாதாம்.

2011 வாக்கில் ஒரு பையன் தன் கொள்ளுத்தாத்தா படத்தோடு வந்தான். கூடவே அவனுடைய அப்பாயியும், அதாவது படத்தில் இருப்பவரின் மகள். முண்டாசு இல்லாத தலை, கழுத்தில் மாலை, நாற்காலியில் நேராக உட்கார்ந்திருக்கிறார். ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். தோலும் துண்டின் நூலும் அவ்வளவு துல்லியம். கண் மட்டும் தூரிகை. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், கண் இருக்கிற இடத்தில் பளபளப்பு இல்லாமல் வண்ணம் மேலே உட்கார்ந்திருந்தது. தோளுக்குப் பின்னால் ஒரு பலகையின் முனை. எனக்குப் புரிந்துவிட்டது. இறந்தவரை உட்காரவைத்துப் படம் எடுத்து, பிறகு கண்ணைத் திறந்து வரைவது நம் பக்கத்தில் நடந்ததுதான். அந்தப் பையனுக்குத் தெரியுமா? “கண்ணு மட்டும் ஒரு மாதிரி இருக்குண்ணே, சரி பண்ணிடுங்க” என்றான்.

நான் இழுத்தேன். ‘பிரிண்டு பழசு, அப்படித்தான் இருக்கும்’ என்று ஏதோ உளறினேன். அப்பாயி சாவகாசமாகச் சொன்னார்:

“அவனுக்குத் தெரியாது தம்பி. போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு அப்பா ஒரு படம் எடுத்துக்கல. செத்த அன்னைக்குத்தான் கும்பகோணத்துலேர்ந்து ஆளக் கூட்டியாந்தாங்க. படம் வந்துச்சு, கண்ணு மூடியிருந்துச்சு. இத மாட்டமாட்டேன்னு எங்க ஆத்தா ஒரே அழுகை. அப்பறம் அந்த ஆளு என்னைத் திண்ணையில உக்கார வச்சு, என் கண்ணப் பாத்துப் பாத்து வரைஞ்சாரு. எனக்கு அப்பா கண்ணுன்னு ஊரே சொல்லும். அதுல கை வச்சிடாத.”

பையன் படத்தையும் அப்பாயியையும் மாறி மாறிப் பார்த்தான். நானும் பார்த்தேன். அப்பாயிக்குப் போன வாரம்தான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. பூஞ்சைக் கறையை எடுத்து, மடிப்பு விழுந்த கோட்டை மூடி, பலகை முனையை அப்படியே விட்டு, பத்துக்குப் பன்னிரண்டில் இரண்டு பிரதி போட்டுக் கொடுத்தேன்.