கை வீசாத நடை

அப்பாவுக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாவது வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தை எட்டுச் சுற்று சுற்றினார். மூச்சு வாங்க உட்கார்ந்து, கையிலிருந்த ஸ்மார்ட்வாட்சைப் பார்த்தார்.

"பதினேழுதான் காட்டுதும்மா."

பின்னாலேயே நடந்து நான் எண்ணியிருந்தேன். 212 அடி. ஒவ்வொன்றும் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்த அடி. அவர் முகம் வாடியதும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் போன், வாட்ச் சென்சார்களை வைத்து ஒருவர் நடக்கிறாரா, படி ஏறுகிறாரா, படுத்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கும் நிரல் எழுதுவதுதான் என் வேலை.

வாட்சுக்குள் அசைவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதன் பெயர் ஆக்ஸிலரோமீட்டர். அதில் மிக நுண்ணிய சிலிக்கான் துண்டு ஒன்று சுருள்வில் போன்ற இழைகளில் தொங்குகிறது. அசைந்தால் அதற்கும் பக்கத்துத் தகடுகளுக்கும் உள்ள இடைவெளி மாறும். கூடவே மின்தேக்குத்திறனும், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அளவும், மாறும். அந்த மாற்றம்தான் எண்ணாக வருகிறது. (மேசைமேல் சும்மா கிடந்தாலும் அது 9.8 மீ/வி² காட்டும். புவியீர்ப்பை அது எப்போதும் உணர்ந்துகொண்டே இருக்கிறது.) கை வீசி நடந்தால் இந்த எண்கள் அலை அலையாக எழுந்து விழும். வாக்கரை இறுகப் பிடித்த கை எங்கே வீசும்? அதோடு, சாதாரண நடையில் விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி. அப்பாவுக்கு ஓர் அடிக்கே இரண்டு விநாடி ஆனது. அவ்வளவு மெதுவான அசைவை நடை இல்லையென்று தள்ளிவிடும்படி நிரல் எழுதுவது எங்களுக்கு வழக்கம். நானும் எழுதியிருக்கிறேன்.

இந்தத் துறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கையில் எடுக்கும் தரவுத்தொகுப்பு ஒன்று உண்டு. 30 பேர், இடுப்பில் கட்டிய சாம்சங் கேலக்ஸி எஸ் 2 போன், விநாடிக்கு 50 அளவீடுகள், 2.56 விநாடித் துண்டுகள், ஆறு செயல்கள். அதில் கலந்துகொண்டவர்களின் வயது 19 முதல் 48 வரை. எத்தனையோ முறை இந்த வரியைப் படித்திருக்கிறேன். அந்த 48-இல் ஒருநாளும் என் கண் நின்றதில்லை. ஒரே ஆளின் தரவைப் பிரித்து, பாதியில் நிரலுக்குப் பயிற்சி கொடுத்து மீதியில் சோதித்தால் துல்லியம் அள்ளிக்கொண்டு வரும். நிரல் முன்பின் பார்க்காத ஓர் ஆளை வைத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். அதைச் செய்யாத ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தப் புதிய ஆளும் இளைஞராகவே இருந்தால் அப்பாவுக்கு அதனால் என்ன பயன்?

அன்று சாயங்காலம் பழைய போன் ஒன்றை எலாஸ்டிக் பேண்டேஜால் அப்பாவின் இடது கெண்டைக்காலில் கட்டினேன். அறுவை நடந்த பக்கம் அது. அதே எட்டுச் சுற்று. வரைபடத்தை விரித்தால், தட்டையான கோட்டில் சின்னச் சின்ன மேடுகள். எண்ணினேன்: 104. ஒரு கால்தானே, இரண்டால் பெருக்கினால் 208. அவர் நடந்த நடை மொத்தமும் அங்கே இருந்தது.

மேடுகள் ஏன் அவ்வளவு தாழ்வாக இருந்தன என்பது பிறகுதான் புரிந்தது. வலிக்குப் பயந்து பாதத்தைப் பூப்போல வைத்திருக்கிறார். குதிகால் தரையில் உறுதியாகப் பட்டால் அந்த இடத்தில் கூர்மையான முனை எழும்.

இப்போது தினமும் சாயங்காலம் அவரே பேண்டேஜை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நேற்றைய வரைபடத்தையும் முதல்நாள் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நேற்றையதில் மேடுகள் கூர்மையாகியிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு முனையாக விரலால் தொட்டுக்கொண்டே போனார்.

"இதெல்லாம் இடது காலா?"

"ஆமாம்ப்பா. எல்லாமே இடது கால்தான்."