ஜப்பானிய மொழித் தேர்வும் உண்ணும் ஒலிக்குறிப்புகளும்: நான் படித்த முறை

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் இடைநிலையான என்3 நிலைக்குப் படிப்பவர்கள் இலக்கணத்துக்கும், சீனத்திலிருந்து வந்த பொருள் காட்டும் எழுத்துகளான கான்ஜிக்கும் ஒதுக்கும் நேரத்தில் சிறு பங்கைக்கூட, ஓசையையோ தன்மையையோ ஒலியால் உணர்த்தும் ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு ஒதுக்குவதில்லை. வெற்றிடத்தை நிரப்பும் வினாவில் நான்கு விடைகளுமே இரட்டித்து வரும் சொற்களாக அமைவதுண்டு. அவை பெரும்பாலும் ஒலியை மட்டும் காட்டும் கானா எழுத்திலேயே எழுதப்படுவதால், பொருளை ஊகிக்கக் கான்ஜியும் கைகொடுக்காது. நான் உணவு தொடர்பான சொற்களிலிருந்து தொடங்கினேன்.

வாயை மூடி மெல்லுவது மொகுமொகு. வாயைத் திறந்து திறந்து ஆர்வமாக உண்பது பக்குபக்கு. 1980இல் வந்த பேக்மேன் விளையாட்டின் பெயர் இதிலிருந்துதான் பிறந்தது என்பதால் இது எளிதில் மறக்காது. நூடுல்ஸை உறிஞ்சுவது ஜுருஜுரு, மதுவைச் சிறிது சிறிதாகப் பருகுவது சிபிசிபி.

மொறுமொறுப்பைக் குறிக்கும் சொற்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவின் மேல்மாவுக்கு சக்குசக்கு, முறுக வறுத்த பன்றி இறைச்சிக்குக் கரிகரி, நோரிப் பாசித்தாளுக்குப் பரிபரி என்று வரும் மூன்றுக்கும் நேராக ‘மொறுமொறு’ என்று எழுதிவைத்தால் தேர்வறையில் ஒன்றும் பயன்படாது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் அதற்குரிய உணவோடு ஒரு முழு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதையும் தமிழ் எழுத்தில் எழுதாமல் கானா வகைகளில் ஒன்றான ஹிராகனாவில் எழுதுங்கள். ‘பல்’ என்பதன் பகரத்தோடு தொடங்கும் பரிபரி மெல்லிய நோரிக்கு உரியது. ‘பஸ்’ என்பதன் பகரத்தோடு தொடங்கும் பரிபரியோ கெட்டியான செம்பே அரிசிப் பிஸ்கட்டைக் கடிப்பதற்கு உரியது. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ஹிராகனாவிலோ முன்னதற்கு எழுத்தின் மேல் சிறு வட்டமும் பின்னதற்கு இரு சிறு கோடுகளும் இருக்கும். அந்தக் கோடுகள் சேரும்போது ஒலி கனத்து, பொருளும் பொதுவாகக் கடினமாகவோ உரத்ததாகவோ மாறும். இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் பல இணைகள் தாமாகவே விளங்கிவிடும்.

சொல்லின் ஈற்றையும் கவனியுங்கள். பெரோபெரோ என்றால் திரும்பத் திரும்ப நக்குவது. பெரோரி என்றாலோ தட்டில் இருந்ததை மிச்சமின்றி ஒரே மூச்சில் தின்று தீர்ப்பது.

கேட்டல் பகுதிக்கு ஒரு குறிப்பு: கடிக்கும் ஓசையைச் சொல்லும்போது கரிகரி முதல் அசையில் உயர்ந்து இறங்கும், ‘முறுகலாக வறுத்த’ என்று தன்மையைச் சொல்லும்போது அந்த இறக்கம் இராது. பசியைச் சொல்லும் பெக்கோபெக்கோவும், தொண்டை வறட்சியைச் சொல்லும் கரகரவும் உண்ணும் வினையோடு சேராமல் வயிறு, தொண்டை ஆகியவற்றின் நிலையைக் குறிப்பவை. இவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதிவைப்பதே வசதி.