விடுகைப் பத்திரம் இல்லாமல் போன ஆண்டு பத்து

1995இல் யாழ்ப்பாணத்தில் நான் ஆண்டு 10. அந்த வருசத்தைப் பற்றி யாராவது கேட்டால், ஷெல் சத்தத்துக்கு முதலே ஒரு கிளாக்கரின் மேசைதான் என் நினைவுக்கு வரும். முப்பது வருசமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

தை மாதம் அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான போர்நிறுத்தத்தோடு தொடங்கியது. முதல் தவணை ஒழுங்காக நடந்தது. சித்திரையில் திரும்பச் சண்டை. ஆடியில் நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்தது, புரட்டாதியில் நாகர்கோவில் பாடசாலையில். அங்கே செத்தவர்களில் பலர் எங்களைப் போலப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதற்குப் பிறகு பொம்மர் இரைச்சல் கேட்டால் ரீச்சர் சொல்ல முதலே நாங்கள் பங்கருக்குள் நிற்போம்.

ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: வலிகாமத்தை, அதாவது யாழ்ப்பாண நகரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் விட்டு எல்லோரும் வெளிக்கிட வேண்டும். கொக்குவிலில் இருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம். மழை. செம்மணியில் நின்ற இடத்திலேயே மணிக்கணக்காக நின்றோம். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. அம்மா அரிசி, ஒரு பானை, பிறப்புப் பத்திரங்கள், குடும்ப அட்டை எல்லாம் எடுத்திருந்தா. என் றிப்போட் புத்தகம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று நினைத்தோம். நான் கொண்டு வந்தது ஒரு கணக்குக் கொப்பி மட்டும். அதுவும் ஏற்கனவே பைக்குள் இருந்ததால் வந்தது.

தென்மராட்சிப் பக்கம், மீசாலையில் ஒரு வீட்டு விறாந்தையில் மூன்று குடும்பம். பள்ளிக்கூடங்களுக்குள்ளும் சனம்தான். புது வருசம் பிறந்த பிறகு வகுப்புகள் தொடங்கின: காலையில் ஊர்ப்பிள்ளைகள், பின்னேரம் நாங்கள். அப்பா என்னைப் பதியக் கூட்டிக்கொண்டு போனார்.

"விடுகைப் பத்திரம்?" என்றார் கிளாக்கர். பழைய பள்ளிக்கூடத்தை விட்டு விலகியதற்கு அந்தப் பள்ளிக்கூடம் தரும் பத்திரம் அது.

"தம்பி, பள்ளிக்கூடமே அங்கால இருக்கு. யாரிட்ட வாங்கிறது?"

"இல்லாமல் பதிய ஏலாது ஐயா. நீங்கள்தான் உங்கட அதிபரைத் தேடிப் பிடிச்சுக் கொண்டு வரவேணும்."

அவரைச் சுற்றி அதே நிலையில் எத்தனையோ பேர் நின்றார்கள். ஊரே இடம்பெயர்ந்து வந்திருந்தது. அது தெரிந்தும் அவர் தலை நிமிர்த்திப் பார்க்கவில்லை.

எங்கள் அதிபர் கொடிகாமத்தில் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, அப்பாவும் நானும் ஒரே சைக்கிளில் போனோம். மூன்று வீடு விசாரித்து நாலாவது வீட்டில்தான் விசயம் தெரிந்தது. அவர் இரண்டு நாளைக்கு முன் கிளாலியால் வள்ளமேறி, கடல்நீரேரிக்கு அப்பால் வன்னிக்குப் போய்விட்டார். திரும்பும் வழியில் டயர் வெடித்தது. மிச்சத் தூரம் நடை. அன்றைக்கு அப்பா ஒரு சொல்லும் பேசவில்லை.

வகுப்பு ரீச்சரைக் கண்டது தற்செயலாக, சங்கக்கடை என்கிற கூட்டுறவுக் கடை வரிசையில். நிவாரணத்துக்கு நின்றவ, வரிசையை விட்டு வந்து, என் கொப்பியின் நடுத்தாளைக் கிழித்து, "இப்பிள்ளை என் வகுப்பில் ஆண்டு 10 கற்றவர்" என்று மடியில் வைத்தே எழுதித் தந்தா. திரும்பிப் போனபோது அவவின் இடத்தில் வேறு ஆள். சண்டை பிடிக்காமல் கடைசியில் போய் நின்றா.

அந்தக் கடிதத்தையும் கிளாக்கர் திருப்பித் தந்தார். முத்திரை இல்லையாம்.

அடுத்த நாள் எங்கள் ஊர்க் கிராம அலுவலரான விதானையாரைத் தேடிப் போனோம். அவர் மாற்று உடுப்புக்கூட இல்லாமல் வந்தவர். ஆனால் முத்திரையையும் மைப்பெட்டியையும் சேட் பையிலேயே வைத்திருந்தார். ஒரு கேள்வியும் கேட்காமல் குத்திக் கையெழுத்து வைத்தார். அப்படியும் மேசையில் இழுபறிதான்: விதானையார் குடியிருப்பைத்தான் உறுதிப்படுத்தலாம், படிப்பை இல்லை என்றார் கிளாக்கர். அப்பாவின் குரல் உயர்ந்துவிட்டது. சத்தம் கேட்டு அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் வெளியே வந்தார்.

அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த கொப்பியை வாங்கினார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். சிவப்பு மையில் சரி, ரீச்சரின் கையெழுத்து, திகதி. மழை பட்டு ஓரங்களில் மை ஊறியிருந்தது. கடைசிச் சரி 13.10.1995. நாலு நாள் கழித்துத்தான் பெரிய சண்டை தொடங்கியது. அந்தத் திகதியில் விரலை வைத்துக்கொண்டு, "ஆண்டு பதினொன்றில் போடுங்கோ" என்றார். கிளாக்கர் எழுதினார். எனக்குக் கால் நடுங்கியது.

இன்றைக்கு எங்கேயாவது இப்படி வெளிக்கிட வேண்டி வருகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்வது இதுதான். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தோடு றிப்போட்டையும் சேர்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயை நெருப்பில் காட்டி ஒட்டி வையுங்கள். அதைச் சாமான் மூட்டைக்குள் போடாதீர்கள், உடம்போடு வைத்திருங்கள். ரீச்சர் கையெழுத்து வைத்த ஒரு கொப்பியாவது எடுங்கள். ஆளைத் தேடி அலைய முதல், சங்கக்கடை வரிசையிலும் கோயிலடியிலும் விசாரியுங்கள். சனம் கூடுகிற இடத்தில்தான் சரியான தகவல் கிடைக்கும். மேசையில் மறுத்தால் உள்ளே இருக்கிறவரைக் காணாமல் வீட்டுக்குத் திரும்பாதீர்கள். நாங்கள் முதல் நாளே அவரைக் கேட்டிருந்தால் அந்தக் கொடிகாமப் பயணமே வந்திருக்காது.

மீசாலையில் படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய். மூன்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு விளக்கு. பத்து மணிக்கு அணைத்துவிட வேண்டும்.

1996 சித்திரையில் ஆமி தென்மராட்சிக்குள் வந்தது. ஊருக்குத் திரும்பினோம். புறப்பட முதல் அப்பா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடுகைப் பத்திரம் வாங்க ஓடினார். பூட்டிக் கிடந்தது. எங்கள் பழைய பள்ளிக்கூடம் தொடங்கியபோது ஒரு கடதாசியும் கேட்கவில்லை. புதிதாக வந்த ரீச்சர் பழைய இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டா. ஆள் இல்லாத பெயருக்கெல்லாம் பக்கத்தில் இருந்தவர்கள் பதில் சொன்னோம். வன்னி. கொழும்பு. வன்னி. தெரியாது, ரீச்சர். பாதிப் பெயர் வர முதலே அவ இடாப்பை மூடிவிட்டு, இருக்கிறவர்கள் ஒரு தாளில் பெயரை எழுதித் தரச் சொன்னா. தாள் என் கொப்பியில் இருந்துதான் கிழித்தோம்.